பழைய அடி சர்வேயரின் முன்சக்கரம்

அடிபட்ட வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் "இது பழைய அடி" என்று சொல்வதற்கென்றே பிறந்தவர் அவர். மோட்டார் வண்டிகளுக்கான இன்ஷூரன்ஸ் கம்பெனியில், அடிபட்ட வண்டியைப் பார்த்து நஷ்டஈடு கொடுக்கலாமா என்று எழுதித் தரும் சர்வேயர் வேலை. லாரி இடித்து முகப்பு நொறுங்கிய கார், உடைந்த கண்ணாடித் தூள் இருக்கையில் அப்படியே கிடக்க, ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும். இவர் போய்க் குனிவார், டார்ச் அடிப்பார், விரலால் தடவுவார், உதட்டைப் பிதுக்குவார். "இது பழைய அடி." பழைய அடிக்குக் கம்பெனி காசு தராது; வண்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஆபீஸில் அவருக்குப் பழைய அடி என்றே பெயர் விழுந்துவிட்டது. விஷயம் அவர் காதுக்கும் எட்டியது. திறமைக்குக் கிடைத்த பட்டமாக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்குத் தொழில் தெரியும். தகரம் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பதை வைத்து வண்டி என்ன வேகத்தில் வந்தது, ஓட்டியவர் பிரேக் பிடித்தாரா, போன் பேசினாரா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அதற்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: ஆளைப் பார்க்காதே, அடியைப் பார். ஆள் அழுவான், சத்தியம் செய்வான், குழந்தையைக் கூட்டிவந்து நிறுத்துவான். தகரத்துக்கு அதெல்லாம் தெரியாது.

அவருடைய ஆபீஸுக்கே பாலிசி புதுப்பிக்க வந்த ஒருவர், ஆபீஸ் வாசலில் இருக்கும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கேட்டின் தண்டவாளத்தில் காரை ஏற்றிச் சக்கரத்தை நசுக்கிக்கொண்டார். தரை சுற்றிலும் அமுங்கிப்போய்த் தண்டவாளம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, தப்பு உங்களுடையதுதானே என்று சண்டைக்கு வந்தார். நம் சர்வேயர் தண்டவாளத்தை இரண்டு விரல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "கேட் அசையலை சார். நீங்கதான் அசைஞ்சீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வாசகம் ஆபீஸ் முழுக்கப் பரவியது. அதை அவரே நாலு பேரிடம் சொல்லிப் பரப்பினார் என்பது வேறு விஷயம்.

இத்தனை வருஷ சர்வீஸில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. "ஆமாம் சார், தப்பு என்னுடையதுதான்" என்று ஒரு ஆளாவது வந்து சொல்ல மாட்டானா என்பதுதான் அது. ஒருத்தரும் சொன்னதில்லை. நாய் குறுக்கே வந்தது, மரம் குறுக்கே வந்தது, சூரியன் கண்ணில் அடித்தது. மனிதகுலத்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அந்த வெறுப்பை ஆற்றிக்கொள்ள அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். சாதாரண சைக்கிள் இல்லை, பந்தயக்காரர்கள் ஓட்டும் ரோடு பைக். டயர் விரல் கனம். ஒரு கையால் தூக்கிவிடலாம். வருகிறவர் எல்லாருக்கும் அவர் தூக்கிக் காட்டினார். இன்னும் எடை குறையட்டும் என்று மணியைக் கழற்றினார், ஸ்டாண்டைக் கழற்றினார், இரும்புத் திருகாணிகளை எடுத்துவிட்டு லேசான உலோகத் திருகாணிகளை வரவழைத்துப் போட்டார். தன் தொப்பையில் மட்டும் கைவைக்கவில்லை. சைக்கிள் வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் குடியேறியது. சாப்பாட்டு மேஜை அதற்கு இடம் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சைக்கிளை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேராகச் சேர்ந்து ஊருக்கு வெளியே போய்வருவார்கள். அதில் இவர்தான் ஆலோசகர். சீட்டு எவ்வளவு உயரம், சங்கிலிக்கு என்ன எண்ணெய், எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. கடைசியாக அவர் கொடி பிடித்தது டயர் காற்றுக்காக. "கல்லு மாதிரி காத்தடிச்சு ஓட்டாதீங்க. கொஞ்சம் குறைச்சு ஓட்டிப் பாருங்க, மெத்தை மாதிரி போகும்" என்று பிரசங்கம் செய்தார். முன்மாதிரியாகத் தன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுக் காட்டினார். அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கே அந்த சைக்கிளில் போய்வந்தார். புது மேனேஜருக்கு சைக்கிள் பிடிக்கும் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பார்த்தால் முன்சக்கரத்தில் பொட்டுக் காற்று இல்லை. அடித்துப் பார்த்தார், கொஞ்சம் நின்றது. சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் பிரேக் கட்டையில் உரசியது. சர்க், சர்க். அந்த இடத்தில் டயரோரமாக விரலை வைத்தார். ரிம் உள்வாங்கியிருந்தது.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. விதியை மறந்தார். ரிம்மைப் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டில் இருந்த ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டில் இருந்ததே இரண்டு ஆள். ஒருத்தர் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க ஊசியைப் பார்த்து அலறுகிறவர்களைச் சமாளித்துவிட்டு வருவதால், வீட்டில் யார் அலறினாலும் அசைய மாட்டார். இன்னொருத்தர் மகள். லிஃப்ட் பராமரிப்பு படித்து முடித்து, தூரத்து ஊர் ஒன்றில் லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்து, புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தாள். அவளைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை. "பார்க்கலாம்" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பல நாளாக இழுத்துக்கொண்டிருந்தார்.

விசாரணை சோபாவில் நடந்தது.

"சைக்கிளை யார் தொட்டது?"

"நான்தான்பா. சனிக்கிழமை பெருக்கறப்போ நகர்த்தினேன்" என்றாள் மகள்.

"நகர்த்தினியா, ஓட்டினியா?"

"வீட்டுக்குள்ள எங்கப்பா ஓட்டறது? சோபாவைச் சுத்தியா?"

"விரல்ல என்ன பிளாஸ்திரி?"

"காய் நறுக்கறப்போ பட்டது."

"காய் நறுக்கினா இந்த விரல்ல எப்படிப் படும்?"

மனைவி கையில் இருந்த காபியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வலது கையில கத்தி பிடிச்சா இடது விரல்லதான் படும். நீங்க ஒரு நாளாவது நறுக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சர்வேயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனத்தில் கேஸ் முடிந்துவிட்டது. சைக்கிளை மாடியிலிருந்து கீழே இறக்கியிருக்கிறாள், ஓட்டியிருக்கிறாள், எங்கோ இடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள், இப்போது பூசி மெழுகுகிறாள். மகள் இல்லை, இல்லை என்று மூன்று விதமாகச் சொன்னாள். அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்லாத குற்றவாளியை அவர் பார்த்ததே கிடையாதே.

"ஒரு சக்கரத்துக்கே உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வரலை. உன்னை எப்படி நான் முன்பின் தெரியாத ஊருக்குத் தனியா அனுப்பறது? நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கோ, போயிட்டு வா. இல்லன்னா வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

மகள் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டென்று அறைந்து சாத்தியிருந்தால்கூட அவருக்குப் பதில் பேச ஒரு வழி கிடைத்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

அடுத்தது ரிம். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோட்டம் என்றால் எடுத்துவிடலாம், இது நசுங்கல், ரிம்மையே மாற்றுவதுதான் நல்லது, விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் தருகிறேன் என்றார். ஆனால் ஒர்க்‌ஷாப்காரன் வாயிலிருந்து வரும் எதையும் பாதியாக வெட்டித்தான் சர்வேயருக்குப் பழக்கம். "நானே மாத்திக்கறேன்" என்று அதே அளவு, அதே எண்ணிக்கை ஓட்டையுள்ள புது ரிம்மை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போனில் வீடியோக்கள் இருக்கும்போது கவலை என்ன.

வழிமுறை சுலபம்தான். டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு, சக்கரக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, புது ரிம்மைப் பழைய ரிம்மோடு ஒட்டிவைத்து டேப் சுற்ற வேண்டும். பிறகு பழையதில் இருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதில் அதே இடத்து ஓட்டையில் மாட்டவேண்டும். எல்லாம் மாறியதும் பழைய ரிம் தானாகக் கழன்றுவிடும். சமையலறை வாசலில் இருந்த சாப்பாட்டு மேஜையின் மேல் இந்த அறுவை சிகிச்சை நடந்தது. மனைவியும் மகளும் இரண்டு நாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மகள் அவரோடு பேசவில்லை. சாப்பிட வாங்க என்று கூப்பிடுவதைக்கூட அம்மா மூலமாகவே சொல்லியனுப்பினாள்.

இரண்டு ரிம்மையும் டேப் சுற்றும்போது அவர் கண்ணில் முதலில் பட்டது கம்பெனிப் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர். பழைய ரிம்மின் ஸ்டிக்கரும் புது ரிம்மின் ஸ்டிக்கரும் நேருக்கு நேர் வருகிறமாதிரி அழகாகப் பொருத்தினார். முன்னால் இருந்து பார்ப்பவர்களுக்குப் பெயர் தெரிய வேண்டுமல்லவா. கம்பிகளை மாற்றினார், முடுக்கினார், தளர்த்தினார், மறுபடியும் முடுக்கினார். சக்கரத்தை சைக்கிளில் மாட்டிச் சுற்றிவிட்டார். பிரேக் கட்டைக்கு நடுவில் இம்மி பிசகாமல் ஓடியது. சர்க் இல்லை, ஒன்றுமில்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடினார். மனைவி வேலையிலிருந்து வரவில்லை, மகள் கதவு சாத்தியிருந்தது.

டயரைப் போட்டார், புது டியூபைப் போட்டார், பம்பை எடுத்தார். பம்பின் தலை வால்வில் ஏறவில்லை. குனிந்து பார்த்தார். வால்வு வெளியே வரும் ஓட்டை, இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும் இடத்துக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. விரல்கூட நுழையாத சந்து. பம்பைச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியும் பார்த்தார். உலகத்திலேயே நேரான சக்கரம், அதற்குக் காற்றடிக்க மட்டும் வழியில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரிம் வேண்டும். சாட்சிப் பொருள் என்று அதைப் பால்கனியில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் வைத்திருந்தார். எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தப்பு விளங்கிவிட்டது. பொருத்த வேண்டியது வால்வு ஓட்டையும் வால்வு ஓட்டையும். இவர் பொருத்தியது பெயரையும் பெயரையும். அத்தனை கம்பியையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அசடு வழியப் பழைய ரிம்மை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டயர் இல்லாத அந்த ரிம்மை அவர் சரியாகப் பார்த்தது அப்போதுதான். கை தானாகத் தடவியது. கண் தானாகக் குறுகியது. ஓரத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு நசுங்கியிருந்தது. நசுங்கலின் அடி தட்டையாக இருந்தது. அதில் இரண்டு விரலை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த இரண்டு விரலுக்கு அந்த அளவு ஏற்கெனவே தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்முன் வந்து நின்றது. ஆபீஸ் படிக்கட்டில் புது மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். சர்வேயர் வேகத்தைக் குறைக்காமல், ஒரு கையை விட்டுவிட்டு, ஸ்டைலாக ஒரு வணக்கம் வைத்தார். வாசலைத் தாண்டும்போது கீழே 'டங்' என்று ஒரு சத்தம். சத்தம் இரும்புக் கேட்டிலிருந்து வந்ததுதான் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, மேனேஜர் தன்னைப் பார்த்தாரா என்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனவர் இவர். பாதிக் காற்றில், முழுத் தொப்பையோடு, துருத்திக்கொண்டிருந்த தண்டவாளத்தின் மேல்.

மெதுவாகச் சாத்திய அந்தக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட வேகமாக இன்னொரு யோசனையும் வந்தது: பழைய ரிம் இரும்புக்கடைக்குப் போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? புதன்கிழமைக்குள் தானே பெரிய மனது பண்ணி, "சரி, சின்னப் பொண்ணு, போனாப் போகுது, வேலைக்குப் போயிட்டு வா" என்று சொல்லிவிடலாம். மன்னித்த மாதிரியும் ஆகும், மாட்டிக்கொள்ளாத மாதிரியும் ஆகும். இந்த ஏற்பாடு அவருக்கே பிடித்திருந்தது. ரிம்மைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார்.

மகள் பால்கனிக் கதவருகே வந்து நின்றாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அம்மா, பையைக்கூட இறக்காமல் அவளுக்குப் பின்னால் நின்றார்.

"அப்பா, ஒத்துக்கறேன். நான்தான் பண்ணேன்."

செய்தித்தாள் பாதியில் நின்றது.

"சனிக்கிழமை நீங்க தூங்கறப்போ கீழ எடுத்துட்டுப் போனேன். பின்பக்கத் தெருவுல ஓட்டினேன். திரும்பறப்போ நடைபாதைக் கல்லுல போய் இடிச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

எத்தனை வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை! நாய் இல்லை, மரம் இல்லை, சூரியன் இல்லை. 'தப்பு என்னோடதுதான்.' வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆள் முழுசாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு முன்னால் நிற்கிறது. சரிம்மா, போகட்டும் என்று அவர் தலையை ஆட்டியிருந்தால் விவகாரம் அத்தோடு முடிந்திருக்கும். ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் வாய் இருக்கிறதே, அது சர்வீஸில் பழுத்த வாய். பொய்க் கேஸைக் கண்டால் எஜமானிடம் உத்தரவு கேட்காது.

"பொய்! நடைபாதைக் கல்லுல இடிச்சிருந்தா ஒரு பக்கம்தான் நசுங்கும். திரும்பறப்போன்னா கோணலா நசுங்கும். இது ரெண்டு பக்கமும் ஒண்ணு போல நசுங்கியிருக்கு, பாரு. நேரா, வேகமா வந்து ஏறியிருக்கு."

"எதுல ஏறியிருக்கு?" என்றார் மனைவி.

"இரும்புல. அடி தட்டையா இருக்கு பாரு. தண்டவாளம் மாதிரி. அதுவும் ஓட்டினது இவளை மாதிரி ஒல்லியான ஆள் இல்லை, நல்ல கனமான ஆள். டயர்ல காத்தும் கம்மி."

மனைவியின் பார்வை அவர் முகத்திலிருந்து இறங்கித் தொப்பையில் வந்து நின்றது. "நம்ம தெருவுல ஏதுங்க தண்டவாளம்?"

"இங்க இல்லை. எங்க ஆபீஸ் கேட்ல..."

அத்தோடு நின்றுவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதர் ரிம்மைப் பார்த்தார், செய்தித்தாளைப் பார்த்தார். துணி மெஷினையும் பார்த்தார். அதுவும் உதவிக்கு வரவில்லை.

"வண்டியை ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம்" என்றார், ஆபீஸ் தமிழில்.

"யாரோட கவனக்குறைவு? முழுசாச் சொல்லுங்க."

"என்னோடதுதான்." குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கேட் அசையவில்லை, நான்தான் அசைந்தேன் என்று சேர்த்துச் சொல்லவும் முயன்றார், பாதியிலேயே விட்டுவிட்டார். "உன்மேல பழி போட்டுட்டேன்மா. தப்புதான். வேலைக்குப் போ. இப்பவே போன் பண்ணி வரேன்னு சொல்லிடு."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன்பா."

"சொல்லிட்டியா? நான்தான் போகக்கூடாதுன்னு..."

"உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன் பாருங்க, அப்பவே சொல்லிட்டேன். அம்மாவுக்குத் தெரியும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையை இறக்கி வைத்துவிட்டு, துணிக்கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"அப்புறம் எதுக்கு இப்ப வந்து, பண்ணாததைப் பண்ணேன்னு ஒத்துக்கிட்ட?"

"நான் கிளம்பற அன்னிக்கு நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு சோபாவுலயே உக்காந்திருப்பீங்க. ஸ்டேஷனுக்கு வரமாட்டீங்க. நீங்க வராம எப்படிப்பா ரயில் ஏறறது? அதான், ஒத்துக்கிட்டா வருவீங்களேன்னு..."

அவர் எத்தனையோ பொய்க் கேஸ் பார்த்திருக்கிறார். எல்லாம் அவரவர் பாக்கெட்டுக்காகச் சொன்ன பொய். இவருக்காக, இவர் முகம் கோணக்கூடாது என்பதற்காக ஒருத்தி சொன்ன பொய்யை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கையெல்லாம் கிரீஸ். துடைத்ததில் முகம் கரியானதுதான் மிச்சம். மகள் சிரித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். மூவரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். இருந்ததிலேயே கனமான பெட்டியைச் சர்வேயர் தூக்கிவந்து, உள்ளே ஏற்றி, பூட்டைச் சரிபார்த்து, பெட்டியில் ஏற்கெனவே இருந்த கீறல்களையும் ஒரு தரம் பார்த்து வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கவும் போன் அடித்தது. சவாரிக் கோஷ்டியில் இருக்கும் ஆபீஸ் ஜூனியர்.

"சார், எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறோம். வரலையா?"

"இல்லப்பா. முன்சக்கரம் போச்சு. மாட்டியாச்சு, ஆனா காத்தடிக்க முடியலை. இன்னொரு தரம் பிரிக்கணும்."

"ரிம்ல அடியா சார்?" ஜூனியரின் குரலில் குறும்பு ஏறியது. "பழைய அடியா?"

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை, புது அடி. நம்ம ஆபீஸ் கேட்ல நான்தான் கொண்டுபோய் இடிச்சேன்" என்று, பக்கத்துப் பெட்டிக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

ரயில் நகர்ந்தது. மகள் கையை வெளியே நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். பிடி விட்ட பிறகும் பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் நடந்தார்.